ஏரம்பரின் தோணியும் சுறா எண்ணெயும்

ஏரம்பரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய மூக்கைப் பற்றித்தான் சொல்வார்கள். அது ஒன்றும் பெரிய மூக்கல்ல. ஆனால் மீன் மணத்தை அரைக்கட்டை தூரத்திலேயே பிடித்துவிடும். தலையில் மீன் கடகத்தோடு பெண்கள் தெருவிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்புமுன்னே ஏரம்பர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியைப் பார்த்து நிற்பார். அவர் வீட்டு அம்மியையும் உரலையும் மீன், மச்சம் சமைக்கிற வீட்டுக்கு இரவல் கொடுப்பதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, சாதகத்தைக் கையில் வாங்குமுன் அந்த வீட்டுக் குசினிக்குள் புகுந்து அடுப்படியை மணந்து பார்த்தார் என்றொரு கதை உண்டு. அது பொய்யாக இருக்க வாய்ப்பில்லை. தம்முடைய வீட்டில் பூனையும் சைவம் என்று அவர் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பூனை மத்தியானத்தில் எந்த வேலியைத் தாண்டி எங்கே போய் வருகிறதென்பது அவரைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும்.

இப்படிப்பட்ட மனிதர் தோணி கட்டப் புறப்பட்டதற்குக் காரணம் அவருடைய மகள்.

ஏரம்பருக்குத் தொண்டைமானாற்றின் கரையில் புகையிலைத் தோட்டமும் கல்வீடும் இருந்தன. ஒரே மகள் குணலட்சுமியை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். ஆறு என்பது பெயர்தான். கடல் உள்ளே புகுந்து நீளமாகக் கிடக்கிற நீர். மாரியில் வெள்ளம் வந்து விழுந்தால் நல்ல தண்ணீராகும், கோடையில் உப்பாகிவிடும். இக்கரையில் நின்று பார்த்தால் மகள் வீட்டுத் தென்னைகள் தெரியும். தெருவால் போவதென்றால் வெளியைச் சுற்றி, குண்டும் குழியுமான பாதையில் மாட்டுவண்டியில் இடிபட்டுத்தான் போகவேண்டும்.

தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவது வழக்கம். அப்படித்தான் கூட்டி வந்தார்கள். பாதி வழியில் குணலட்சுமிக்கு வயிற்றுக்குத்து எடுத்தது. வீடு வந்து சேர்ந்ததும் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. படுக்கையில் கிடக்கிறவளுக்கும் இப்படி நடக்கிறதுதான், இதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவிச்சி பலமுறை சொன்னாள். ஏரம்பர் கேட்கவில்லை. வண்டியை ஓட்டியவர் அவர். ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு விழுந்து எழும்பிய சத்தம் அவருடைய காதில் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவேயில்லை.

"தண்ணிக்குக் குலுக்கம் இல்லை," என்று ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தபடி மனைவியிடம் சொன்னார். அருமைநாயகி என்ன சொல்கிறார் இவர் என்று பார்த்தாள். அடுத்தநாள் கிணற்றடி வேம்பில் கோடரி விழுந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அடுத்தமுறை மகளை ஆற்றால் கொண்டு வருவதற்கு அவர் தோணி செய்யப் போகிறார்.

கிணற்றுத் துலா செய்தவர், கலப்பை செய்தவர், மாட்டுக்குத் தொட்டி செய்தவர். தோணி மட்டும் எந்த மூலைக்கு என்ற துணிச்சல். கடற்கரையில் கிடந்த தோணிகளைப் போய்ப் பார்த்து வந்தார், காற்று எந்தப் பக்கமாக வீசுகிறதென்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றுதான். அவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும் அவருடைய தோணியில் இருந்தது. அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் முன்னும் பின்னும் ஒரே மாதிரியாகவும் வந்தது. ஆற்றில் வலை போடுகிற தம்பிராசா அதற்கு ஏரம்பற்றை தொட்டி என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அடிப்பலகையைப் பற்றி ஏரம்பருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கடற்புழு மரத்தைத் தின்னும் என்று தம்பிராசா சொல்லியிருந்தான். கடற்கரைப் பக்கமெல்லாம் சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயில் சுண்ணாம்பைக் குழைத்து அடிக்குப் பூசுவார்கள். அதைப் பூசாத தோணியை யாரும் உப்புத் தண்ணீரில் விடுவதில்லை. ஏரம்பர் காதைப் பொத்தாத குறை. புழுவுக்கு மருந்து தோட்டம் செய்கிற கமக்காரனுக்குத் தெரியாதா? புகையிலைக் கன்றின் அடியில் இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டால் எந்தப் புழு கிட்ட வருகிறது? வேப்பம்பலகை தானே கைக்கும். அதற்கு மேல் வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றினால் புழு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. பயிருக்குச் செய்ததையே பலகைக்கும் செய்தார், அதுவும் குறையில்லாமல் தாராளமாகச் செய்தார்.

கார்த்திகையில் தோணி ஆற்றில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மாரி முழுவதும் ஏரம்பர் கோல் ஊன்றி அக்கரைக்குப் போய் வந்தார். பூசணிக்காய் கொண்டுபோனார், முருங்கைக்காய் கொண்டுபோனார், ஒன்றும் இல்லாவிட்டால் மகளுடைய முகத்தைப் பார்க்கப் போனார். அவளுக்கு மறுபடியும் வயிற்றில் வந்திருந்தது. வழியில் தம்பிராசாவைக் கண்டால் கோலை நிறுத்தி, சைவத் தோணி எப்படி என்று விசாரிப்பார்.

"மாரித் தண்ணியிலை எந்தத் தோணியும் நிக்கும் அண்ணை," என்று தம்பிராசா சொன்னான். "நல்ல தண்ணியிலை உந்தப் புழு இருக்காது. ஆறு உப்பாகட்டும்."

ஏரம்பர் சிரித்துவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்தது. குணலட்சுமிக்கு ஏழாம் மாதம். நல்லநாள் பார்த்து மகளைக் கூட்டி வருவதென்று இரண்டு வீட்டிலும் முடிவானது. அதற்கு முன் அடிக்கு மறுபடி எண்ணெய் விடலாமென்று ஏரம்பர் தோணியைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்தார். கழுவித் துடைத்தார். பலகை வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் குண்டூசி குத்தியது போலச் சின்னஞ்சிறு துளைகள். என்னவென்று பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

அலவாங்கை எடுத்து வந்து அந்தப் பலகையைப் பிளந்தார். மேல்தோல் மட்டும்தான் மரம். உள்ளே முழுவதும் இடியப்ப உரலின் அச்சுப் போலத் துளை, துளைக்குள் வெள்ளையாய், வழுவழுப்பாய் புழு. வேம்பின் கைப்பையும் இலுப்பெண்ணெயையும் அவை ரசித்துத் தின்றிருந்தன. இந்தப் பலகைக்கு மேல்தான் நேற்றும் அவர் இருந்து போனார். இதற்கு மேல்தான் வயிற்றுப்பிள்ளைக்காரியை இருத்திக்கொண்டு நடு ஆற்றைத் தாண்ட இருந்தார்.

ஏரம்பர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். வண்டிச் சில்லின் சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

பலகைக்கு வழி இருந்தது. புகையிலை அடுக்குகிற பரணைக் கழற்றினால் முதிர்ந்த மரம் கிடைக்கும். பூசுவதற்குத்தான் வழி தெரியவில்லை. தம்பிராசாவிடம் போய், சுண்ணாம்பைத் தேங்காயெண்ணெயில் குழைத்தால் என்ன என்று கேட்டார். புழுவுக்குப் பால்விட்டுக் கறி சமைத்துக் கொடுத்த மாதிரி இருக்கும் என்றான் அவன். நல்லெண்ணெய்? அதுவும் அப்படித்தான். மகள் பிள்ளையைப் பெற்றுத் திரும்பிப் போகிறவரைக்கும் தோணி உப்புத் தண்ணீரில்தான் கிடக்கப்போகிறது. அதற்குள் புதுப் பலகையும் அரிபட்டுவிடும் என்று அவன் சிரிக்காமலே சொன்னான். ஏரம்பர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தார்.

அருமைநாயகி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவளும் மச்சம் தொடாதவள்தான். ஆனால் கணவருடைய மூக்கோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திக் களைத்துப் போனவள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "எங்களுக்குப் பிள்ளை முதலோ, உங்கடை மூக்கு முதலோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஏரம்பர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார்.

சுறா எண்ணெய் வாங்கப் போனால் பட்டப்பகலில் வெயில் கொளுத்தும்போது போகவேண்டும், அப்போதுதான் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இராது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வெயிலில் அந்த எண்ணெய் எப்படி மணக்கும் என்பதை யோசிக்கவில்லை. எண்ணெய் வாங்கிய மண்முட்டியின் வாயை வாழையிலையால் கட்டி, சால்வையால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வந்தபோது, ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டு நாய்களும் எழும்பிப் பின்னால் வந்தன. அவருடைய சைவப் பூனை படலைக்கு வெளியே வந்து வரவேற்றது. ஊர் மனிதர்கள் வேலிக்குள் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆனால் வேலை என்று வந்தபோது ஏரம்பர் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. புதிய பலகைகளைப் பொருத்தி, இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் ஊற்றினார். காய்ந்த பனங்காவோலையைக் கட்டிக் கொளுத்தி, அடி முழுவதும் மேலாகக் கருகும்படி சுவாலை காட்டினார். பிறகு முட்டியைத் திறந்தார். தலையைத் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். எண்ணெயில் சுண்ணாம்பைக் கொட்டிக் குழைத்து, முதலில் தேங்காய்ப் பொச்சுத்தும்பால்தான் தேய்த்தார். தும்பு மேலோடு போனதே தவிர ஆணித்தலைகளின் ஓரத்திலும் பலகை மூட்டிலும் இறங்கவில்லை. தும்பைத் தூர எறிந்துவிட்டு உள்ளங்கையால் அள்ளித் தேய்த்தார். ஒரு விரல் அகலத்தைக்கூட விடவில்லை. காயவிட்டு மறுபடி தேய்த்தார். தேய்க்கும்போது அவருடைய கண்ணால் தண்ணீர் வடிந்தது. அது எண்ணெயின் காரமா வேறெதுவுமா என்று அருமைநாயகி கேட்கவில்லை.

அன்றைக்குக் கிணற்றடியில் அரப்புப் போட்டார், சாம்பல் போட்டார், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தார். மணம் போகவில்லை. இரவு இலையில் சோற்றைப் பிசைந்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் எழும்பிவிட்டார். பிறகு கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார்.

எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல் கோயில். ஆற்று முகத்துக்குக் கிட்ட, ஆலமரத்தின் கீழே முருகன் கோயில். புத்தி தெரிந்த நாளிலிருந்து ஏரம்பர் வெள்ளிக்கிழமையில் அங்கே போகாமல் விட்டதில்லை. இனிமேல் படி மிதிப்பதில்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். இந்தக் கையால் எப்படிக் கும்பிடுவது? அருமைநாயகி சண்டை பிடித்துப் பார்த்தாள், அவர் அசையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆற்றங்கரையில் போய் நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு மனதால் கும்பிட்டுவிட்டு வருவார். அவருக்கு அது பெரிய துன்பம்தான்.

நல்லநாளில் அருமைநாயகியோடு அக்கரைக்குப் போய் மகளைக் கூட்டி வந்தார். காற்றில்லாத காலை நேரம். தோணியின் நடுவில் பாயும் தலையணையும் போட்டு, தாயும் மகளும் இருந்தார்கள். ஏரம்பர் கோலைப் பூனை நடக்கிற மாதிரி ஊன்றினார். கொஞ்சத்தூரம் வந்ததும் குணலட்சுமி சீலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தாள். பிறகு அடிப்பலகையைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பு, சுறா எண்ணெய் பூசினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மணக்குதோ?"

அவளுக்கு அந்த மாதங்களில் கறி தாளிக்கிற மணமே ஆகாது. சீலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள்.

"இல்லை அப்பு. தண்ணி மணம்தான் வருது."

கரைக்கு வந்து இறங்குகிறவரைக்கும் அவள் அதை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளே ஒரு துளி தண்ணீர் வரவில்லை. தோணி ஒருமுறைகூட ஆடவில்லை.

ஆனியில் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல சுகமான பேறு. பிள்ளை போட்ட சத்தம் தோட்டத்துக்குக் கேட்டது. ஏரம்பர் துலாக்கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசல் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றார். அருமைநாயகி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீரே வைச்சிரும். என்ரை கையாலை வேண்டாம்."

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மகளும் பேத்தியும் திரும்பிப் போகவேண்டுமே என்று அடிக்கு அடிக்கடி பூசிக்கொண்டே இருந்தார். ஆனால் பூசாத நாட்களில், கை சுத்தமாக இருந்த நாட்களில்கூட, அவருக்கு அந்த மணம் இருந்தது. ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பிள்ளையைப் பார்ப்பார். சால்வை நுனியால் முகத்தில் மொய்க்கிற இலையான் கலைப்பார். பிள்ளை அழுதால் மற்றவர்களைக் கூப்பிடுவார். தலைப்பிள்ளை போன பிறகு வந்த பிள்ளை. அதை ஒருமுறை தூக்கவேண்டும் என்று அவருடைய உடம்பெல்லாம் ஆசையாக இருந்தது. தூக்கவில்லை. குணலட்சுமி இரண்டொருமுறை அழுதே கேட்டாள். பெரியவளாகட்டும், தானாக நடந்து வரட்டும் என்று சொல்லிச் சமாளித்தார். கோபம் வருகிற அளவுக்குப் பிடிவாதக்கார மனிதர்.

முப்பத்தொன்றாம் நாள் கழிந்து பேற்றுத் துடக்குப் போனதும், பிள்ளையை முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் தோணியில்தான். முதல்நாள் ஏரம்பர் அடியைத் தடவிப் பார்த்து, கை நிறைய எண்ணெயும் சுண்ணாம்பும் அள்ளி மறுபடி தேய்த்திருந்தார். பின்னேரப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தபோது கோயில் கரையில் தோணி ஒதுங்கியது. தாயும் மகளும் பிள்ளையோடு இறங்கினார்கள்.

"நான் தோணியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்," என்றார் ஏரம்பர். அந்தத் தொட்டியை யார் களவெடுக்கப் போகிறார்கள் என்று அருமைநாயகி கேட்கவில்லை. பிள்ளையோடு ஆலமரத்தடிக்குப் போய் அவள் பூசைக்குக் காத்திருந்தாள்.

கொஞ்சம் தள்ளி, தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு தோணி கவிழ்ந்து கிடந்தது. நரைத்த தலைமயிர்க்காரர் ஒருவர் அதன் அடிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கமாக வீசியது, சுறா எண்ணெய்தான். அவரும் தும்பால் பூசவில்லை. உள்ளங்கையால் அள்ளி, ஆணித்தலைகளைச் சுற்றி, மூட்டுகளுக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். ஏரம்பர் மூக்கைப் பொத்த மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்து ஏரம்பரையும், முன்பக்கம் மணலில் ஏறி நின்ற தொட்டி போன்ற அந்தத் தோணியையும் பார்த்தார்.

"வீட்டிலை செய்ததோ?"

"ஓம்."

"அடி நல்லாய்ப் பூசியிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தம்முடைய வேலையைப் பார்த்தார்.

கடைசி வழிப்பும் பூசி முடித்ததும் அவர் ஆற்றில் இறங்கினார். மணலை அள்ளிக் கைகளைத் தேய்த்துக் கழுவினார். முங்கி எழும்பினார். கரைக்கு வந்து, ஒரு கல்லின் மேல் மடித்து வைத்திருந்த தோய்த்த வேட்டியைக் கட்டி, திருநீற்றைப் பூசினார். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து வாயைக் கட்டினார்.

அப்போதுதான் ஏரம்பருக்கு அந்த முகம் தெரிந்தது. அந்தக் கோயிலில் மந்திரம் இல்லை. பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் பூசை செய்வார். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள், எத்தனையோ வருடங்கள், ஏரம்பர் அந்தக் கட்டிய வாய்க்கு மேலே இருந்த இரண்டு கண்களைத்தான் பார்த்துக் கும்பிட்டு வந்திருக்கிறார். பூசகர் கடலோடிகளின் குடும்பம் என்பது ஊருக்கே தெரிந்த விசயம், ஏரம்பருக்கும் தெரியும். தெரிந்ததை அவர் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தோன்றும்?

பூசகர் ஈரத் தலையோடு ஆலமரத்தைத் தாண்டி உள்ளே போனார். மணி அடித்தது. ஏரம்பர் தோணியைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். பிறகு அவரும் ஆற்றில் இறங்கி, மணலால் கையைத் தேய்த்து, முங்கி எழும்பி, நனைந்த வேட்டியோடு நடந்தார்.

சனத்துக்குப் பின்னால் போய் நின்றார். தீபம் காட்டியாயிற்று. பூசகர் திருநீற்றுத் தட்டோடு வரிசையாக வந்தார். ஏரம்பருக்கு முன்னால் வந்து நின்றபோது, கையைச் சால்வைக்குள் ஒளிக்க வழியில்லை. சால்வை தோணியில் கிடந்தது. வலக்கையை நீட்டினார். உள்ளங்கையில் திருநீறு விழுந்தது. திருநீற்று மணத்துக்கும் சந்தன மணத்துக்கும் அடியில் மெல்லிசாகச் சுறா எண்ணெய் மணத்தது. அது தம்முடைய கையிலிருந்து வருகிறதா, அவருடைய கையிலிருந்து வருகிறதா என்று ஏரம்பருடைய மூக்குக்கே தெரியவில்லை.

திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு சனத்தை விலக்கி முன்னால் போனார். அருமைநாயகி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையைக் கையில் வைத்திருந்தவள், ஈரம் சொட்ட நிற்கிற மனிதருக்கு விலகி இடம் விட்டாள். குணலட்சுமிதான் முதலில் தகப்பனுடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் முன்னால் நீண்டிருந்தன.

"பிள்ளையை இஞ்சை தாரும்," என்றார் ஏரம்பர்.